டிம் அடிக்காத லாரியும் என் தம்பியும்

பதிவு கொஞ்சம் நீளம். லாரி, வேன், டிராக்டர் வைத்திருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். மற்றவர்கள், வைத்திருப்பவர்களுக்கு அனுப்புங்கள்.

போன வாரம் மாணவர் ஒருவர், "ராத்திரி எதிரே வருகிறவன் எவனும் டிம் அடிப்பதில்லை, எல்லாம் திமிர்" என்று எழுதியிருந்தார். கீழே நிறையப் பேர் ஆமாம் போட்டிருந்தீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பு வரை நானும் அந்தக் கட்சிதான். இப்போது இல்லை. திமிர் பிடித்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் என் சொந்தத் தம்பி மூன்று வாரம் பிரைட்டிலேயே ஓட்டினான். அவனுக்குத் திமிர் கிடையாது. வண்டியில் டிம் ஸ்விட்ச் பழுது, அவ்வளவுதான். அது திமிரை விட மோசம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

தம்பியிடம் இருப்பது பழைய சின்ன லாரி. காய்கறி ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவான். அன்றைக்கு எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் விடியற்காலை நாலு மணிக்கு அவனோடு ஏறிக்கொண்டேன். எதிரே வண்டி வரும்போதெல்லாம் லைட் மாறவே இல்லை. கேட்டேன். "டிம் போட்டா மொத்தமா அணைஞ்சிருதுக்கா. எலக்ட்ரீஷியன் பிரைட்டை நேரா குடுத்துட்டார். நீ பேசாம வா" என்றான். மீட்டர் போர்டில் பிரைட் எரிவதைக் காட்டும் நீல விளக்கு உண்டல்லவா, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். கண்ணை உறுத்துகிறதாம்! தன் கண்ணுக்கு அந்தக் கடுகளவு வெளிச்சம் உறுத்துகிறது.

கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஒரு மொபெட். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பூ பறிக்கப் போகிறவர்கள். எங்கள் வெளிச்சத்தில் அந்த மனுஷன் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். அடுத்த நொடி வண்டி தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. நிறுத்தி ஓடினோம். அந்த அம்மாவுக்கு முழங்கையிலும் முட்டியிலும் நல்ல சிராய்ப்பு. பெரிய அடி இல்லை. அவர் திட்டக்கூட இல்லை. "ரோடே தெரியலீங்க" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கூசிய கண் தெளியச் சில நொடிகள் ஆகும். வயதானால் இன்னும் கூடுதல். அந்த நேரம் முழுக்க எதிரே வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார் என்றுதான் அர்த்தம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106வது விதி இதைத்தான் சொல்கிறது. 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஒருவருக்குக் கூசாதபடி வெளிச்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மொபெட்காரர் கண் கிட்டத்தட்ட அந்த உயரம்தான்.

இப்போது எலக்ட்ரீஷியன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் டிம் விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. அவர் பல்பு போய்விட்டது என்று இரண்டு பக்கமும் மாற்றினார். அதுவும் பழைய 60/55 வாட்டை எடுத்துவிட்டு, "இது பவர்" என்று 100/90 வாட். பத்து நாளில் டிம் சுத்தமாகப் போனது. அப்போதும் ஸ்விட்சைத் தொடவில்லை. "எல்இடி போட்டுரலாம்" என்றார். தம்பி காசில்லை என்றதும் ஒயரை வெட்டி பிரைட்டுக்கு நேராகக் கொடுத்தார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவசரத்துக்கு ஒரு ஒயரை நேராகக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், டிம்முக்குக் கொடுத்திருக்கலாமே? அதே ஒயர், அதே ஐந்து நிமிஷம். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் டிம் வெளிச்சம் போதும். எதிரே வருகிறவருக்கும் ரோடு தெரியும். ஏன் யாருக்கும் அது தோன்றவில்லை? எனக்கு ரோடு தெரிந்தால் போதும் என்று கை தானாகப் பிரைட் பக்கம் போகிறது. திமிர் பிடித்தவன் எதிரே போலீஸ் வந்தால் டிம் அடித்துவிடுவான். ஸ்விட்ச் கெட்டவன் எவர் வந்தாலும் அடிக்க முடியாது, அதுவும் தெரிந்தே ராத்திரியில் வண்டி எடுக்கிறான். எது மோசம்?

"உங்களுக்கு எதுக்கு டீச்சர் லாரி விஷயம்" என்று ஒருத்தர் நிச்சயம் எழுதுவீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு டார்ச் பல்பையும் இரண்டு ஒயரையும் வைத்து மின்சுற்று காட்டியவள் நான்தான். லாரியில் இருப்பதும் அதே சுற்றுதான், கொஞ்சம் நீளம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் பழைய மாணவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. முதலில் கேட்டது, "டிம் ஒரு பக்கம் போச்சா, ரெண்டு பக்கமும் போச்சா?" ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்பு, ஹோல்டர், எர்த் என்று பார்க்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் போனால், இரண்டு பல்பும் சேர்ந்து சாவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக இருக்கிற இடத்தைத் தேட வேண்டும். ஒன்று ஃபியூஸ், இல்லாவிட்டால் ஸ்விட்ச், அதுவும் இல்லாவிட்டால் அதன் கப்ளர். டிம்முக்கு உள்ள ஃபியூஸ் நன்றாக இருந்தது. "பாஸ் அடிச்சா எரியுதே, அப்ப ஸ்விட்ச் நல்லாத்தானே இருக்கு" என்றான் தம்பி. பாஸ் அடிப்பது பிரைட்டுக்குத் தனித் தொடுப்பு. அது வேலை செய்வதால் டிம் தொடுப்பு நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

பிறகு ஸ்டீரிங் கழுத்தின் கவரைக் கழற்றி, டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பாடி எர்த்தில் மாட்டினார். ஹெட்லைட்டைப் போட்டு, ஸ்விட்சுக்குள் வருகிற மெயின் ஒயரைத் தொட்டால் எரிகிறது. டிம் நிலையில் வைத்து, வெளியே போகிற டிம் ஒயரைத் தொட்டால் எரியவில்லை. உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. உறுதி செய்ய, இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். டிம் இரண்டு பக்கமும் எரிந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பேட்டரியின் எர்த்தைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்விட்சை எடுத்தார். (இந்த வண்டியில் ஸ்டீரிங்கைக் கழற்றாமலே வந்தது. சில வண்டிகளில் கழற்ற வேண்டியிருக்கும்.) தொடுப்பு கரியாகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. கணக்குப் போட்டுக் காட்டினேன், பழக்கதோஷம். 55 வாட் இரண்டு சேர்ந்து 110. பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். 90 வாட் போட்டால் 180, அதாவது 15 ஆம்பியர். ஏற்கெனவே தேய்ந்த தொடுப்பு சூடாகி விட்டுவிட்டு எரிந்தது. அதன் தலையில் ஒன்றரை மடங்குக்கும் மேல் சுமையை ஏற்றியவர் அந்த "பவர்" பல்புக்காரர்.

அதனால் ஸ்விட்சை மட்டும் மாற்றி அனுப்புகிறவரையும் நம்பாதீர்கள். கப்ளரில் கருகிய பின்னையும் மாற்ற வேண்டும். பழைய பின்னில் புது ஸ்விட்சைச் சொருகினால் அதே இடம் மறுபடி கருகும். பல்பை மறுபடி 60/55-க்குக் கொண்டுவர வேண்டும். இவர் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலே வைத்து, இடையில் ஃபியூஸும் போட்டார். இனி முழுக் கரண்டும் ஸ்விட்ச் வழியாகப் போகாது. வெட்டி ஒட்டிய ஒயரைப் பிரித்துப் பழையபடி சேர்த்தார். கடைசியாக வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, டிம் வெளிச்சம் இரண்டு பக்கமும் சரியாகக் கீழே விழுகிறதா என்று பார்த்துத் திருகினார். ஸ்விட்சும் ரிலேயும் பல்பும் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. தம்பி ஏற்கெனவே வெட்டிச் செலவு செய்தது இதைவிட அதிகம்.

இதைப் படித்தால் தம்பி கோபப்படுவான். படட்டும். அந்த அம்மாவுக்கு மருந்துச் செலவு கொடுக்க அவனே போனான், அதையும் எழுதிவிடுகிறேன்.

வண்டி வைத்திருக்கும் மாணவர்கள் இன்று ராத்திரி வீட்டுச் சுவருக்கு முன்னால் நிறுத்தி டிம், பிரைட், டிம் என்று மூன்று தடவை மாற்றிப் பாருங்கள். அணைந்தாலோ மினுக்கினாலோ கமெண்டில் எழுதுங்கள். நம் மாணவரிடம் கேட்டுச் சொல்கிறேன். நீல விளக்கில் டேப் ஒட்டியிருப்பவர்கள் முதலில் அதைக் கிழியுங்கள்.