மாதிரி விமானம்: வாங்குவதா, கட்டுவதா?

ஆகாயத்தில் பறக்கும் விளையாட்டுக் கருவி ஒன்றை இன்று எந்த நகரத்துக் கடைவீதியிலும் வாங்கிவிடலாம். பெட்டியைத் திறந்து, மின்கலத்தைப் பொருத்தி, பொத்தானை அழுத்தியதும் அது மேலெழுகின்றது. காற்று ஒரு பக்கம் தள்ளினால் தானே நிமிர்ந்துகொள்கின்றது. கண்டு களிக்கும் சிறுவனுக்கு, அது எதனால் எழுந்தது, எதனால் நிமிர்ந்தது என்று கேட்க வேண்டிய அவசியமே நேர்வதில்லை. பள்ளிகளில் விமானம் பற்றிய செயல்முறைக் கல்வி இவ்வாறு வாங்கிய கருவியிலிருந்து தொடங்கலாகாது. வரைபடத்தை மேசைமீது விரித்து, மாணவர் தம் கையாலேயே கட்டி முடிக்கும் மாதிரி விமானத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்பெறும் கருத்து.

இக்கருத்துக்கு வரலாறு துணை நிற்கின்றது. 1871-இல் பிரான்சு நாட்டு அல்போன்ஸ் பேனோ, முறுக்கிய ரப்பர் இழையால் இயங்கும் சிறு மாதிரி விமானம் ஒன்றைப் பாரிஸ் நகரில் பறக்கவிட்டார். அவர் வகுத்த முறையில் அமைந்த, ரப்பரால் மேலெழும் பொம்மை ஒன்றை 1878-இல் தந்தையார் கொண்டுவந்து கொடுக்க, ரைட் சகோதரர்கள் சிறு வயதில் அதை வைத்து விளையாடினர். அது பழுதுற்றபோது அவர்கள் வேறொன்றை வாங்கித் தரும்படி கேட்கவில்லை. அதைப் பார்த்துத் தாமே செய்தனர். 1937-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் வானொலி அலைகளால் இயக்கப்பெறும் மாதிரி விமானத்தை வெற்றியுடன் பறக்கவிட்டபோதும், விமானமும் கருவியும் அவர்தம் கைவேலையாகவே இருந்தன.

வரைபடம் ஒன்றே ஒரு பாடநூலுக்கு நிகராகும். மேற்பார்வை, பக்கப்பார்வை, குறுக்குவெட்டு என்னும் மூன்றையும் மனத்தில் இணைத்து ஒரே பொருளாகக் காணும் ஆற்றலை அது வளர்க்கின்றது. முழு அளவு வரைபடத்தைப் பலகையில் பதித்து, அதன்மேல் மெழுகுத்தாளைப் பரப்பி, இறக்கையின் நெடுங்கட்டையையும் விலா எலும்பு போன்ற குறுக்குத் துண்டுகளையும் கோட்டின்மீதே குண்டூசிகளால் நிறுத்தி ஒட்டுவது வழக்கம். ஒரு துண்டு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும், மேலே தாளை ஒட்டியதும் அப்பிழை மேடாகத் தெரியும். பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டுவதில்லை, பொருளே சுட்டிக்காட்டிவிடும்.

எடை பற்றிய பாடம் இதனினும் சிறந்தது. வரைபடத்தில் புவியீர்ப்பு மையம் எங்கு அமைய வேண்டும் என்பது குறிக்கப்பெற்றிருக்கும். சாதாரண விமானத்தில் அது இறக்கை அகலத்தின் முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையில் இருக்கும். வால் அம்மையத்துக்கு 60 சென்டிமீட்டர் பின்னும், மூக்கு 20 சென்டிமீட்டர் முன்னும் இருப்பதாகக் கொள்வோம். வாலில் பசையும் வண்ணமும் மிகுந்து 10 கிராம் கூடினால், சமன் செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஆக, கூடிய எடை 40 கிராம். நெம்புகோல் தத்துவத்தைக் கரும்பலகையில் பல முறை எழுதியும் மறந்த மாணவன், இதை ஒருமுறை செய்த பின் மறப்பதில்லை.

மேலும் ஒரு கணக்கு உண்டு. 1,200 கிராம் இருக்க வேண்டிய விமானம் கவனக்குறைவால் 1,500 கிராம் ஆகிவிட்டால், அதாவது எடை நூற்றுக்கு 25 பங்கு கூடினால், விழாமல் பறப்பதற்கு வேண்டிய குறைந்த வேகம் நூற்றுக்கு 12 பங்கு கூடும். தரையில் மோதும்போது வெளிப்படும் ஆற்றலோ நூற்றுக்கு 56 பங்கு கூடும். கனமாகக் கட்டினால் உறுதியாக இருக்கும் என்னும் எண்ணம் தவறு என்பது இதனால் விளங்கும்.

முடித்தல் வேலையைப் பலர் வெறும் அலங்காரமாகக் கருதுகின்றனர். அது பொருந்தாது. உப்புத்தாளால் இறக்கையின் முன்விளிம்பை வரைபடத்திலுள்ள வளைவுக்கு ஏற்பத் தேய்ப்பதும், தாளைத் தளர்ச்சியின்றி ஒட்டி ‘டோப்’ என்னும் பூச்சினால் இறுகச் செய்வதும், இறக்கை முறுக்கிக்கொள்ளாதபடி சமதளத்தில் வைத்து உலர்த்துவதும் பறத்தலையே நிர்ணயிக்கும் செயல்களாகும். ஒரு பக்க இறக்கை சிறிது முறுக்கிக்கொண்டால், விமானம் எப்போதும் ஒரே பக்கம் சாயும். இக்காலத்தில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் சுருங்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் பயன்படுகின்றது. சூடு மிகுந்தால் அதுவும் இறக்கையை முறுக்கிவிடும்.

இவ்விடத்தில் ஊரின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மும்பையின் வடகிழக்கே, கல்யாண் செல்லும் ரயில் மார்க்கத்தில் உள்ள டோம்பிவிலியை எடுத்துக்கொள்வோம். மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அடுக்கு வீடுகள் நெருங்கிய ஊர். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். அத்தகைய ஈரக்காற்றில் டோப் பூசினால், அதிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிரச் செய்ய, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிந்து பூச்சு பால் போல் வெளுத்துவிடும். மரமும் ஈரத்தை உறிஞ்சி எடை கூடும், வளையவும் செய்யும்.

இதனால் மனந்தளர வேண்டுவதில்லை. பருவத்தையே கால அட்டவணையாகக் கொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே மழையும் தொடங்குகின்றது. செப்டம்பர் முடிய வரைபடம் படித்தல், படி எடுத்தல், துண்டுகளை வெட்டி எடை போட்டுக் குறித்தல் ஆகியவற்றைச் செய்யலாம். மழை ஓய்ந்து அக்டோபரில் காற்று உலர்ந்ததும் தாள் ஒட்டுதலும் பூச்சும் நடைபெறலாம். காற்று அடங்கியிருக்கும் டிசம்பர், ஜனவரி மாதத்துக் காலை வேளைகளில் பறக்கவிடலாம். ஓராண்டுப் படிப்பு முடியும்போது விமானமும் முடிந்துவிடும்.

இடமில்லை என்னும் தடை மெய்யானதே. ஆயினும் மும்பை காந்திவிலியில் விமான ஓட்டி அமோல் யாதவ் அடுக்கு வீட்டின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரத்தக்க உண்மையான விமானம் ஒன்றைக் கட்டினார். அது 2016-இல் மும்பையில் நடைபெற்ற ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைக்கப்பெற்று, 2017-இல் அரசின் பதிவையும் பெற்றது. ஒன்றரை மீட்டர் இறக்கைக்கு ஒரு சாப்பாட்டு மேசை போதும். நெரிசல் மிகுந்த மின்சார ரயிலில் கொண்டுசெல்ல வேண்டுமெனில், இறக்கையை இரு பாதியாகக் கட்டி நடுவில் குழாயால் இணைக்கும்படி வரைபடத்தை மாற்றிக்கொள்ளலாம். தேவைக்கேற்ப வடிவத்தை மாற்றுவதே பொறியியலின் முதற்படியன்றோ?

பல மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் நொறுங்கினால் சிறுவர் மனமுடைவர் என்பது மற்றொரு ஆட்சேபணை. வாங்கிய கருவி உடைந்தால் மறுபடியும் கடைக்குத்தான் செல்ல வேண்டும். கட்டியவனிடமோ வரைபடம் இருக்கின்றது. உடைந்த துண்டை மறுபடி வெட்டிப் பொருத்துவான். எங்கே முறிந்தது, ஏன் முறிந்தது என்று ஆராய்வான். அன்றியும், நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் விலையுயர்ந்த கருவி ஒன்றிருப்பின், ஒருவன் இயக்க முப்பத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பர். கட்டும் வேலையிலோ வெட்டவும், ஒட்டவும், நிறுக்கவும், குறிப்பெழுதவும் அனைவருக்கும் பங்கு உண்டு. 2016-இல் தொடங்கப்பெற்ற அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கானவை. அங்கு அலமாரியிலுள்ள பெட்டிகளைத் திறந்து பூட்டுவதோடு வேலை முடிந்துவிடுமாயின், திட்டத்தின் நோக்கம் பாதியளவே நிறைவேறும்.

வானொலிக் கட்டுப்பாடு கடைசியாக வர வேண்டும். முதலில் தெர்மோகோல் தகட்டால் ஆன, கையால் எறியும் சறுக்கு விமானம். அடுத்து ரப்பர் முறுக்கால் இயங்குவது. பின்னரே மின்மோட்டாரும் வானொலியும். முற்காலத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் இயக்கினால் இருவர் விமானமும் விழும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வோர் அனுப்பியும் தன் ஏற்பியுடன் மட்டுமே இணைவதால் அவ்விபத்து பெரும்பாலும் நீங்கிற்று. எனினும் பறக்கவிடுமுன் தொலைவுச் சோதனை செய்வதும், லித்தியம் மின்கலத்தை ஆள் இல்லாத இடத்தில் மின்னேற்றம் செய்யாதிருப்பதும், சுழலும் விசிறியின் நேர்கோட்டில் எவரும் நில்லாதிருப்பதும் தவறாத விதிகளாதல் வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய, 25 கிலோகிராமுக்கு மேற்படாத, கண் பார்வைக்குள்ளேயே இயக்கப்பெறும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என விலக்களித்தன. ஆனால் தடை மண்டலங்களுக்கு விலக்கில்லை. மும்பைப் பகுதியில் விமான நிலையங்கள் உள்ளன. 2025-இல் நவி மும்பை விமான நிலையமும் திறக்கப்பெற்றது. போலீசாரும் அவ்வப்போது தடை ஆணைகள் பிறப்பிப்பதுண்டு. ஆகவே மண்டல வரைபடத்தைப் பார்த்து, உரிய அனுமதி பெற்று, ஆசிரியர் உடனிருக்கவே பறக்கவிட வேண்டும். இதுவும் குடிமைப் பயிற்சியே.

களப்பணியாளருக்கும் இதில் பயனுண்டு. 2020-இல் தொடங்கிய ஸ்வமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகள் டிரோன்களால் அளக்கப்பெற்றன. வயல்களில் மருந்து தெளிக்கவும் அவை பயன்படுகின்றன. மருந்துத் தொட்டி ஏன் நடுவில் அமைக்கப்பெற்றது, மருந்து குறையும்போது சமநிலை ஏன் கெடுவதில்லை என்பதை, சிறுவயதில் வாலில் 10 கிராம் கூடியதற்காக மூக்கில் ஈயம் வைத்தவன் சொல்லித்தராமலே அறிவான். அறியாதவன் கருவி நின்றதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

கருவிகளை இயக்குவோர் மட்டும் பெருகி, அவற்றை ஆக்குவோர் அருகிவிட்டால், ஒவ்வொரு உதிரி உறுப்புக்கும் பிறரை எதிர்நோக்கும் நிலையே நீடிக்கும். இதைத் தடுக்கப் பெருந்தொகை வேண்டுவதில்லை. ஒரு வரைபடம், ஒரு பலகை, சிறு தராசு, உப்புத்தாள், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் ஆகியன இருந்தால் வரும் ஜூன் மாதத்திலேயே தொடங்கலாம்.