"விரல்தானே" என்று சொல்லாதீர்கள்

தை மாதம் எங்கள் சேவுகம்பட்டியில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழா. வேண்டிக்கொண்டவர்கள் கூடை கூடையாகப் பழத்தைக் கூட்டத்தின்மேல் வீசுவார்கள். இந்த வருடம் பழத்தை எட்டிப் பிடிக்கப்போன பக்கத்து வீட்டுப் பையனின் நடுவிரல் நுனி, யாருடைய முழங்கையிலோ பலமாக இடித்துவிட்டது.

திண்ணையில் உடனே பஞ்சாயத்து கூடிற்று. "மடக்குறான்ல? அப்ப ஒடையல." "ரெண்டு இழு இழுத்து உருவிவிட்டா சரியாப் போகும்." "வெரல்தானப்பா!" ஒரு பெரியவர் விளக்கெண்ணெயோடு வந்து உட்கார்ந்தும் விட்டார். நான் போட்ட சத்தத்தில் எழுந்து போனவர் இன்னும் என்னோடு பேசவில்லை. இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்த புதுச்சேரிக்காரனுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்டார்களாம். காரணம் என் வலது கையில் இருக்கிறது.

1982-இல் அலுவலக பீரோக் கதவில் என் சுண்டுவிரல் நசுங்கியது. அன்றும் "மடங்குதே" என்றார்கள். கட்டுப் போடுகிறவர் ஒருவர் விரலை இழுத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். நாற்பது நாள் கழித்து அவிழ்த்தால், விரல் நேராகத்தான் இருந்தது. கையை மடக்கினால் மட்டும் மோதிர விரலின்மேல் ஏறி உட்கார்ந்தது. எலும்பு திருகியபடியே கூடிவிட்டதாம். இன்றைக்கும் ரசம் சாதத்தை அள்ளினால் இடுக்கில் ஒழுகுகிறது.

ஆகவே அடித்துச் சொல்கிறேன்: விரலை மடக்க முடிவதற்கும் எலும்பு முறியாமல் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மடக்குவது தசைநார்; எலும்பில் கீறல் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். பார்க்க வேண்டியவை வேறு. ஓரிடத்தில் தொட்டால் உயிர் போகிறதா? வீக்கமும் கன்றிப்போன நிறமும் இருக்கிறதா? முடிந்த அளவு மெல்ல மடக்கச் சொல்லுங்கள். நான்கு விரல்களும் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டை நோக்கிச் சாய வேண்டும். ஒன்று மற்றொன்றின்மேல் ஏறினால் எலும்பு திருகியிருக்கிறது என்று பொருள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடியில் சிவப்புத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலும், மரத்துப்போனாலும், முறிந்த இடத்தில் தோல் கிழிந்திருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டி வையுங்கள், கையை நெஞ்சுக்குமேல் தூக்கி வையுங்கள். இடையில் பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு தளர்வாகக் கட்டி, வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ போங்கள். எக்ஸ்ரே ஒரு கோணத்தில் போதாது, பக்கவாட்டிலும் எடுக்கவேண்டும். இழுக்காதீர்கள், உருவாதீர்கள்.

"எங்க தாத்தாவுக்குக் கட்டுலதான் சரியாச்சு" என்பார்கள். சரியாகியிருக்கும். விலகாத முறிவு பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாலே மூன்று நான்கு வாரத்தில் கூடிவிடும்; இயற்கை செய்ததற்குக் கட்டுக்காரர் பெயர் வாங்குகிறார். கோணலாய்ப் போனவர்கள் என்னைப்போல் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

டாக்டர்களையும் விடுவதாயில்லை. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினால் போதுமா? தேவைக்கு மேல் கட்டிலேயே கிடந்த விரல் விறைத்துப்போகும். என்றைக்கு அவிழ்ப்பது, எப்படி அசைத்துப் பழகுவது என்று சொல்லி அனுப்புவதும் வைத்தியம்தான். 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய மாநிலம் இது. சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது. இங்கே வாழ்ந்துகொண்டு "விரல்தானே" என்கிறோம்!

குமாஸ்தா புத்தி, சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். வேலை விபத்தில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே விரல் விரலாகக் கணக்குப் போட்டிருக்கிறது. பூட்டு செய்கிற, தென்னை ஏறுகிற, பூக்கட்டுகிற நம் சனங்களுக்குப் பத்து விரலும்தான் சொத்து.

பையன் கதைக்கு வருகிறேன். விரல் நுனி தொங்கியிருந்தது. எக்ஸ்ரேயில், நுனியை நிமிர்த்தும் நார் ஒரு சின்ன எலும்புச் சில்லைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. பள்ளியில் நான் படித்த பிரெஞ்சில் இதற்கு "துவா ஆன் மய்யே" என்று பெயர். கொட்டாப்புளி விரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியை நிமிர்த்தியே வைக்கும் சிறு பத்தை, ஆறு வாரம், இரவும் பகலும். நடுவில் ஒரு தடவை மடக்கினாலும் கணக்கு முதலிலிருந்து. பையன் பொறுத்துக்கொண்டான். நேற்றுச் சாயங்காலம் வந்து விரலை நீட்டிக் காட்டினான், நேராக இருந்தது.

என் விரலை அவனிடம் காட்டினேன். "ஏன் தாத்தா, அப்ப யாரும் சத்தம் போடலையா?" என்று கேட்டான்.

போடவில்லை. அதனால்தான் இப்போது நான் போடுகிறேன்.