சுண்ணாம்பு பூசிய வாசல்



போன மாதம் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. திராட்சைத் தோட்டத்தைப் பற்றி ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார். விதையில்லாத் திராட்சைக்குப் பேர்பெற்ற ஊர். அந்தப் பந்தலுக்கு அடியிலேயே வளர்ந்த பெண். மூன்று பக்கமும் எழில், ரம்மியம், மனதைக் கொள்ளைகொள்ளும் பசுமை. படித்து முடித்தபோது ஒரு கொத்துகூட என் கண்ணில் தெரியவில்லை. திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை. "மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்களேன், அம்மா" என்று கடிதம் போட்டேன்.

தோட்டத்தை எழுத வந்தவரை அந்தக் காதை காட்டும் சுடுகாட்டுக்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. மணிமேகலையை எழுதிய சாத்தனார் பௌத்த அறம் சொல்ல வந்தவர். 'யாக்கை நிலையாது' என்று நாலு வரியில் உபதேசித்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ புகார் நகரத்துச் சுடுகாட்டின் மதிலைச் சுற்றி நம்மை நடத்திக்கொண்டு போகிறார். நான்கு வாசல்கள். ஒன்று தேவர்கள் புகும் கொடி வாசல். ஒன்றில் நெல்லும் கரும்பும் குளமும் சோலையும் தீட்டியிருக்கிறது. ஓடைப்பட்டிப் பெண்ணைப் போலக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு அது சொந்த வயல்தான். ஒன்றில் கையில் பாசமும் சூலமும் பிடித்த சுதை உருவம் நிற்கிறது. இன்னொன்றில் எதுவுமே இல்லை, வெறும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. எத்தனை முறை படித்தாலும் அந்த வெறும் வாசலில்தான் என் கால் நின்றுவிடுகிறது.

உள்ளே போனால் சுடுகிறவர்கள், வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், தாழியில் கவிக்கிறவர்கள் என்று வகை வகையாகப் பிரிக்கிறார். துறவி இறந்தால் எழும் தொழுகைக் குரல் வேறு, மற்றவர் இறந்தால் எழும் அழுகை வேறு என்று நம் செவியையும் பழக்குகிறார். தரையில் பாடை, உதிர்ந்த மாலை, உடைந்த குடம், சிந்திய நெல், பொரி. அதற்கு நடுவே காவலர்கள் சாப்பிட்டுத் தூங்கும் ஒரு குடிசை! அந்தக் குடிசையைப் பார்த்த கண்ணைத்தான் நான் வணங்குகிறேன். அவரை மதுரைக் கூலவாணிகன் என்பார்கள். தானிய வியாபாரி. மணி வேறு, பதர் வேறு என்று அள்ளிப் பார்த்துப் பழகிய கை அது என்று எனக்குத் தோன்றும்.

இவ்வளவையும் காட்டிய பிறகே கோதமையைக் கொண்டுவருகிறார். இரவில் அவ்வழியே வந்து, பேயைக் கண்ட அச்சத்தில் உயிர்விட்ட சார்ங்கலனின் தாய். என் உயிரை எடுத்துக்கொண்டு மகனுக்கு உயிர் கொடு என்று சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். பாலிக் கதைகளிலும் ஒரு கிசா கோதமி உண்டு. இறந்த குழந்தையைச் சுமந்தபடி, சாவே விழாத வீட்டில் ஒரு பிடி கடுகு தேடி வாசல் வாசலாகப் போகிறவள். அங்கும் துக்கம் நமக்குப் புரிவது கடுகால்தான். அது எந்தச் சமையலறையிலும் இருக்கும். கேட்டால் யாரும் கொடுப்பார்கள்.

1898-இல் மணிமேகலையைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பௌத்தம் இங்கே மறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதன் கோட்பாடுகளை ரங்காசாரியர் என்ற அறிஞரிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் தெளிந்தார். பாடைக்கும் சிந்திய பொரிக்கும் மட்டும் எவரும் உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓடைப்பட்டிக் கட்டுரை போன வாரம் திரும்பி வந்தது. இந்த முறை ஒன்றரைப் பக்கம்தான். நாள் முழுக்க அண்ணாந்து கொத்து நறுக்கிய அம்மா சாயங்காலம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். கவாத்து முடிந்த பந்தலில் வெயில் கட்டம் கட்டமாக விழுகிறது. அடியில் கவிழ்த்த பெட்டிகள், அப்பத்தாவின் முக்காலி. எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முக்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஏன் என்று அந்தப் பெண் எழுதவில்லை. 14-ஆம் பக்கத்தில் வந்திருக்கிறது, படியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்