சாவியை உள்ளே வைத்துப் பூட்டுகிறவர்கள்!

ராத்திரி லேப்டாப்பை அணைக்கப் போகிறீர்கள். 'அப்டேட் செய்துவிட்டு அணைக்கவும்' என்று ஒரு வரி நிற்கிறது. சரி, ஏதோ நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள் என்று அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். காலையில் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. போன வருஷம் ஏற்காடு போன போட்டோகூட பத்திரமாக இருக்கிறது. வைஃபை மட்டும் காணோம்! மூலையில் விசிறி மாதிரி இருக்குமே, அந்தச் சின்னம் போய், ஒரு உலக உருண்டையும் அதன்மேல் ஒரு தடைக் குறியும் உட்கார்ந்திருக்கிறது.

உடனே என்ன செய்வீர்கள்? ரவுட்டரை நாலு தடவை அணைத்து அணைத்துப் போடுவீர்கள். கேபிள்காரருக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பீர்கள். 'சார், உங்க செல்போன்ல நெட் வருதா பாருங்க' என்பார் அவர். வரும். அடுத்து, பையனைக் கூப்பிட்டு 'நேத்து என்னடா டவுன்லோடு பண்ணித் தொலைச்சே?' என்று அதட்டுவீர்கள். ஆக, ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் திட்டு விழும், செய்தவனைத் தவிர!

செய்தவன் யார்? அந்த அப்டேட்டேதான்.

விஷயம் ரொம்ப எளிது. உங்கள் லேப்டாப்புக்குள் வைஃபைக்கென்று ஒரு சின்ன ரேடியோ சில்லு இருக்கிறது. அதற்கு விண்டோஸ் பேசும் பாஷை தெரியாது. விண்டோஸுக்கு அதன் பாஷை தெரியாது. நடுவே ஒரு துபாஷி வேண்டும். அந்த துபாஷிக்குத்தான் டிரைவர் என்று பெயர். அப்டேட் என்ன செய்கிறது? சில நேரம் துபாஷியையே மாற்றிவிடுகிறது. சில நேரம் முதலாளி புது பாஷை பேச ஆரம்பிக்க, பழைய துபாஷி முழிக்கிறார். சில்லு சாகவில்லை. ரவுட்டரும் கெடவில்லை. பேச்சுவார்த்தைதான் முறிந்துபோயிருக்கிறது.

'எங்கேயோ ஒண்ணு ரெண்டு பேருக்கு நடக்கிறதுக்கு இவ்வளவு கூச்சலா?' என்று கேட்காதீர்கள். கணக்குச் சொல்கிறேன். 2016 டிசம்பரில் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள் திடீரென்று இன்டர்நெட்டை இழந்தன. ஐரோப்பா முழுக்கப் புலம்பல். அப்போது மைக்ரோசாஃப்ட் சொன்ன வைத்தியம், 'ரீஸ்டார்ட் செய்யுங்கள்'! 2020 பிப்ரவரி கடைசியில் வந்த ஒரு அப்டேட், ஆபீஸ் வேலைக்கு வி.பி.என். போட்டு உட்கார்ந்தவர்களின் இணைப்பைக் குலைத்தது. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மார்ச் 30-ம் தேதிதான் திருத்தம் வந்தது. அதையும் அவர்களுடைய தளத்துக்குப் போய் நாமே தேடி எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11. இந்தத் தடவை அடி வாங்கியவை பல்கலைக்கழக வளாகங்களின் வைஃபை. பழுது இருப்பதை கம்பெனியே ஒப்புக்கொண்டது.

இதில் எனக்குக் கோபம் வருவது பழுது வந்ததற்காக இல்லை. மனுஷன் செய்கிற காரியத்தில் பழுது வரும். ஆனால், இன்டர்நெட்டைப் பறித்துவிட்டு, 'திருத்தம் இன்டர்நெட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே பூட்டுப் போடுகிற வேலை இது!

சென்னையிலோ கோவையிலோ இருக்கும் உங்களுக்கு இது ஒரு அரை நாள் எரிச்சல். தெரிந்த பையன் ஒருத்தன் வருவான், காபி குடித்துவிட்டுச் சரிசெய்துவிட்டுப் போவான். அதே அப்டேட் ஜவ்வாது மலைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா?

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. சாமையும் புளியும் தேனும் விளைகிற, மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிற மலை. அங்கே காவலூரில் ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றாக 1986-ல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் உலகம் கண்டுகொண்டதில் காவலூருக்கும் பங்கு உண்டு. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பதைப் பார்த்த மலையில், ஒரு பிள்ளையின் லேப்டாப்புக்குப் பக்கத்து அறை ரவுட்டர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது யாருடைய குற்றம்?

அங்கே ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அவளுடையதுதான். கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில். கலந்தாய்வு ஆன்லைனில். ஸ்காலர்ஷிப் ஆன்லைனில். எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதி யாருடைய டிரைவருக்காகவும் காத்திருக்காது. வைஃபை போனால் அவள் ஜமுனாமரத்தூருக்கு வந்து, போளூருக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் பிடித்து மலையிறங்க வேண்டும். அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் துணைக்கு வரவேண்டும். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, 'ஓ.எஸ். போயிடுச்சும்மா, ஃபார்மட் பண்ணணும்' என்பார். பத்து நிமிஷ வேலைக்கு மூன்று வருஷப் பாடக் குறிப்பும் காணாமல் போகும். எல்லாக் கடையும் அப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கடைக்கே போகவேண்டிய அவசியத்தை உண்டாக்கியது யார்?

இந்த லேப்டாப்புகள் வந்த வழியையும் பார்க்கவேண்டும். 2011 செப்டம்பர் 15-ம் தேதி விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கான அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மடியில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. மகத்தான காரியம், அதில் சந்தேகமே இல்லை. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி தருவதாக அறிவிப்பும் வந்தது. சந்தோஷம். ஆனால், விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 'அடுத்த பதிப்புக்கு மாறுங்கள்' என்று கம்பெனி மணியடிக்கும்போது, பழைய இயந்திரத்தின் சில்லுக்கு துபாஷி இருக்கிறாரா இல்லையா என்று மலை மேல் இருக்கும் பிள்ளைக்கு யார் சொல்வது? மாடு வாங்கித் தருகிறோம். வைத்தியரைப் பற்றி யோசிப்பதில்லை.

'அப்படியானால் அப்டேட்டே வேண்டாம் என்கிறீரா?' என்று ஒரு கம்ப்யூட்டர் நண்பர் சண்டைக்கு வருவார். இல்லை சுவாமி! அப்டேட் வேண்டும். 2017 மே மாதம் வான்னக்ரை என்ற நாசகார வைரஸ் உலகத்தையே உலுக்கியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அதைத் தடுக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆகவே ஊசி அவசியம். ஆனால், ஊசி போட்ட கை தூக்க முடியாமல் போனால் அடுத்த தடவை யார் கையை நீட்டுவார்கள்? ஒருமுறை சுட்டுக்கொண்டவர் அப்டேட்டையே அடைத்து வைக்கிறார். அப்புறம் வைரஸுக்குக் கதவு திறந்துகொள்கிறது. மோசமான ஒரு அப்டேட், நல்ல பத்து அப்டேட்டுகளின் மரியாதையையும் சேர்த்துக் கெடுக்கிறது.

சம்மதம் கேட்கிறார்களா என்றால், அந்தக் கதை இன்னும் அழகு. 2016-ல் விண்டோஸ் 10-க்கு மாறச்சொல்லி ஒரு பெட்டி வந்தது. வேண்டாம் என்று எக்ஸ் குறியை அழுத்தி மூடினால், அதையும் 'சரி' என்று எடுத்துக்கொண்டது! கலிஃபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்த ஒரு பெண்மணி, கேட்காமலே வந்த அப்டேட்டால் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். விண்டோஸ் 10 வந்தது 2015-ல். வீட்டு உபயோகப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு அப்டேட்டை நிறுத்தி வைக்கும் பட்டனே 2019-ல்தான் கிடைத்தது. உங்கள் காசில் வாங்கிய கம்ப்யூட்டர். நான்கு வருஷம் 'இப்ப வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு ஒரு பட்டன் இல்லை.

மற்ற தேசங்கள் சும்மா இருக்கவில்லை. 2018-ல் இத்தாலி, அப்டேட் போட்டு போன்களை மந்தமாக்கியதற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் தீட்டியது. 2020-ல் பிரான்ஸ் ஆப்பிளிடம் 2.5 கோடி யூரோ கறந்தது. நம்மிடமும் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறையுள்ள பொருளால் சேதம் வந்தால் தயாரித்தவரும் சேவை தந்தவரும் பதில் சொல்லவேண்டும் என்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நீங்கள் என்றைக்காவது ஒரு அப்டேட்டைப் பற்றிப் புகார் சொன்னதுண்டா? கடைக்காரரிடம் ஐந்நூறைக் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள்!

சரி, திட்டிக்கொண்டே இருந்தால் வைஃபை வராது. கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். முதலில் ஏர்பிளேன் மோட் தவறிப்போய் அழுந்தியிருக்கிறதா பாருங்கள். அடுத்து ரீஸ்டார்ட். ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. சீக்கிரம் திறக்கவேண்டும் என்பதற்காக விண்டோஸ் ஷட் டவுனில் பாதி நினைவை எடுத்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்டில்தான் முழுசாக எழும். அதற்கும் மசியவில்லையா? செல்போனை சார்ஜர் வயரால் லேப்டாப்பில் சொருகி, போன் செட்டிங்கில் 'யு.எஸ்.பி. டெதரிங்' போடுங்கள். வைஃபை டிரைவர் இல்லாமலே நெட் வந்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட சாவியை எடுக்கும் ஜன்னல் இதுதான்.

பிறகு டிவைஸ் மேனேஜர் போய், நெட்வொர்க் அடாப்டர்களில் வைஃபையைப் பிடித்து, டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக்' இருந்தால் அழுத்துங்கள். பழைய துபாஷி திரும்பி வருவார். அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால், 'அன்இன்ஸ்டால்' செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். அதுவும் போதாதென்றால் அப்டேட் வரலாற்றில் போய்க் கடைசியாக வந்ததை நீக்குங்கள். வந்தது பெரிய பதிப்பு மாற்றம் என்றால் திரும்பிப் போக 10 நாள்தான் அவகாசம். 'நெட்வொர்க் ரீசெட்' கடைசி ஆயுதம். பாஸ்வேர்டுகளை மறந்துவிடும், முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நன்றாக இருக்கும்போதே உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். பரீட்சை, விண்ணப்ப வாரங்களில் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்.

ஆனால், இதெல்லாம் நீங்களும் நானும் செய்யவேண்டிய வேலையா? லினக்ஸில் புது கெர்னல் வந்தாலும் பழையதை அலமாரியில் வைத்திருப்பார்கள். புதியது மக்கர் பண்ணினால் தொடங்கும்போதே பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கேயும் வைஃபை தகராறு உண்டு. ஆனால் திரும்பிப் போக வழி உண்டு. சம்பளம் வாங்காத ஆர்வலர்களும் சேர்ந்து செய்கிற காரியம், உலகத்தின் பெரிய பணக்காரக் கம்பெனிக்கு முடியாதா?

அப்டேட் முடிந்ததும் இணைப்பு வருகிறதா என்று இயந்திரமே சோதிக்கட்டும். வராவிட்டால் கேட்காமலே பழைய நிலைக்குத் திரும்பட்டும். கேட்காமல் போடத் தெரிந்தவர்களுக்கு, கேட்காமல் எடுக்கவும் தெரியவேண்டும். அரசாங்கம் இன்னொரு லட்சம் லேப்டாப்புக்கு டெண்டர் போடும்போது, டிரைவர்கள் எல்லாம் வட்டிலேயே பத்திரமாக இருக்கவேண்டும், தாலுகாவுக்கு ஒரு பழுதுபார்க்கும் ஆள் இருக்கவேண்டும் என்று ரெண்டு வரி சேர்க்கட்டும். டெண்டர் காகிதத்தில் அதற்கு இடமா இல்லை?

எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து 'அனுப்பு' என்று அழுத்துகிறவருக்கு, அந்தக் கம்ப்யூட்டர் ஒரு எண்ணிக்கை. ஜமுனாமரத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைக்கு அது ஒரு வருஷப் படிப்பு.