எழுபத்தேழுக்குப் பூஜ்யம்

அமெரிக்க தேசத்தில், பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் கல்லூரிக் கால்பந்து ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடைபெறுகின்றன. மறுநாட் காலைப் பத்திரிகைகளில், பள்ளிப் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையைப் போலவே, தாக்குதல் வரிசைக்கு இன்ன மதிப்பு, தடுப்பு வரிசைக்கு இன்ன மதிப்பு, பந்தை உதைப்பவர்களுக்கு இன்ன மதிப்பு, பயிற்சியாளருக்கு இன்ன மதிப்பு என்று ஏ, பி, சி என்னும் எழுத்துக்களால் தரம் பிரித்து அச்சிடும் சம்பிரதாயம் அங்கே வேரூன்றி நிற்கிறது. அந்தச் சம்பிரதாயத்தின்மேல் எனக்கு விரோதம் கிடையாது. தான் நேசிக்கும் அணியின் குணதோஷங்களை ஆராய்ந்து பார்ப்பது ரசிகனுக்கு உரிய பாத்தியதை. அந்த ஆராய்ச்சியில் ஓர் அன்பும் இருக்கிறது. என் ஆக்ஷேபமெல்லாம், ஓர் அணி ஐம்பது அறுபது புள்ளி வித்தியாசத்தில் ஜயித்துவிட்ட மறுகணமே, அட்டவணையின் மேலிருந்து கீழ்வரையில் 'ஏ' என்ற ஒரே எழுத்தை வாரி நிரப்பிவிட்டு, இத்தனை பெரிய வெற்றியில் குறை காண்பவன் பொறாமைக்காரன் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்களே, அந்தத் தீர்ப்பைப் பற்றியது.

புள்ளிப்பலகை இரண்டு அணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டுகிறது. இரண்டில் எதனுடைய உயரத்தையும் அது காட்டுவதில்லை. கிணற்றுக்குள் நிற்பவனுக்கும் கரையில் நிற்பவனுக்கும் உள்ள வித்தியாசம் அறுபது அடி என்பதனால், கரையில் நிற்பவன் அறுபதடிக் குன்றின்மேல் ஏறிவிட்டான் என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. ஆயினும் கால்பந்து விஷயத்தில், படித்தவர்களும் பல ஆண்டு ஆட்டம் பார்த்துப் பழகியவர்களும்கூட, வாரந்தோறும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பிரமையின் சரித்திரத்தில் 1916-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7-ஆம் தேதி அட்லாண்டா நகரில் நடந்த ஆட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டென்னசி மாகாணத்து லெபனான் என்ற ஊரில் இருந்த கம்பர்லாந்து கல்லூரி அவ்வாண்டு தன் கால்பந்து அணியையே கலைத்துவிட்டிருந்தது. ஆனால் ஜார்ஜியா டெக் கல்லூரியுடன் முன்னமே செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஆட வராவிட்டால் 3,000 டாலர் அபராதம் கட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருந்தபடியால், ஜார்ஜ் ஆலன் என்ற மாணவ நிர்வாகி, கைக்கு அகப்பட்ட தோழர்களைத் திரட்டிக்கொண்டு ரயிலேறினார். முதற்பாதி முடிந்தபோது கணக்கு 126-0. பிற்பாதியின் நேரத்தைக் குறைத்துங்கூட, ஆட்டம் ஓய்ந்தபோது பலகையில் நின்றது 222-0. இன்றளவும் கல்லூரிக் கால்பந்தில் அதை மிஞ்சிய வித்தியாசம் இல்லை. டெக் அணி அன்று, பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் 'டச்டவுன்'கள் 32 எடுத்தது. ஒருமுறையேனும் பந்தை முன்னோக்கி வீசவேண்டிய அவசியம் அதற்கு ஏற்படவில்லை. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். பயிற்சியே இல்லாத ஒரு கும்பலை எதிரே நிறுத்திவிட்டால், ஓடத் தெரிந்தவனெல்லாம் வீரன்தான்.

அன்று டெக் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் ஜான் ஹைஸ்மன். அதே ஆண்டில் பேஸ்பால் ஆட்டமொன்றில் கம்பர்லாந்து தம் கல்லூரியை 22-0 என்று தோற்கடித்ததற்கு அவர் பழி தீர்த்துக்கொண்டார் என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது மற்றொரு காரணம். ஒரு பருவத்தில் மொத்தம் எத்தனை புள்ளிகள் எடுத்தது என்பதைக் கொண்டு அணிகளைத் தரப்படுத்தி வந்த அக்காலத்துப் பத்திரிகை எழுத்தாளர்களுக்கு, அப்படி எண்ணிப் பார்ப்பதில் ஒரு பொருளும் இல்லை என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டவே அவர் தடுத்து நிறுத்தாமல் ஆடவிட்டார் என்றும் சொல்கிறார்கள். இது உண்மையானால், அவருடைய நிரூபணத்துக்கு நேர்ந்த கதி மனத்தை வருத்துகிறது. புள்ளிகளின் வெறுமையைக் காட்ட அவர் எழுப்பிய எண்ணே நூறாண்டுகளுக்குப் பிறகும் வியந்து பாராட்டப்படும் சாதனையாக நிலைத்துவிட்டது. அவர் சொல்ல வந்த விஷயம் மறந்துபோயிற்று. ஆண்டுதோறும் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கு வழங்கப்படும் கோப்பை 1936 முதல் அவர் பெயரைத் தாங்கி வருகிறது.

அந்தக் கோப்பையை 2003-இல் பெற்றவர் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஜேசன் வைட். அவ்வாண்டு ஓக்லஹோமா அணி டெக்ஸஸ் அணியை 65-13 என்று வென்றது. நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்டு எம் அணியை 77-0 என்று நசுக்கியது. பன்னிரண்டு ஆட்டங்களில் பன்னிரண்டு வெற்றி. இதுவரை தோன்றிய அணிகளிலெல்லாம் இதுவே சிறந்தது என்ற பேச்சு வெகு தாராளமாக அடிபட்டது. டிசம்பர் 6-ஆம் தேதி, கான்ஸஸ் சிட்டியில், கான்ஸஸ் ஸ்டேட் அணி அவர்களை 35-7 என்று தோற்கடித்தது. டேரன் ஸ்ப்ரோல்ஸ் என்ற குள்ளமான ஓட்டக்காரர் ஒருவரே அன்று 235 கஜம் ஓடினார். அடுத்து நியூ ஆர்லியன்ஸில் நடந்த சுகர் பௌல் என்னும் பருவ இறுதி ஆட்டத்திலும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியிடம் 21-14 என்று ஓக்லஹோமா தோற்றது. நவம்பரில் பெற்ற பூர்ண மதிப்பு டிசம்பரில் எங்கே போயிற்று? அந்த இளைஞர்கள் ஒரு மாதத்தில் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. அவர்களிடம் இருந்த தோஷங்கள் நவம்பரிலும் இருந்தன. அவற்றைத் தொட்டுக் காட்டும் வலிமை எதிரே நின்றவர்களுக்கு இல்லாததனால், இல்லவே இல்லை என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

அந்தத் தோஷம் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதை ஓர் ஓட்டத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். பந்தைத் தூக்கிக்கொண்டு வலப்புறமாக ஓடும் ஒரு திட்டத்தில், முன்வரிசை ஐவரில் இடப்பக்கம் நிற்கும் 'கார்டு' என்பவன், பந்து அசைந்த நொடியில் வலக்காலைப் பின்னிழுத்து, உடலைத் திருப்பி, தன் தோழர்களின் முதுகுக்குப் பின்னால் ஓடிச் சென்று, எதிரணியின் இரண்டாம் வரிசைக்காரனைத் தோளால் மோதி வழியிலிருந்து அகற்றவேண்டும். அன்று அவன் இடக்காலை எடுத்து வைக்கிறான். அரை நொடி தாமதமாகிறது. போய்ச் சேரும்போது மோத ஆளில்லை. ஆனால் மோதப்படவேண்டியவன் சிறிய கல்லூரி ஒன்றிலிருந்து வந்த மந்தமான பையன். பந்து எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாமல் எதிர்த்திசையில் இரண்டடி வைத்துவிட்டான். ஓட்டக்காரன் நாற்பது கஜம் ஓடி எல்லைக்கோட்டைக் கடக்கிறான், அரங்கம் அதிர்கிறது, பத்திரிகை முன்வரிசைக்கு 'ஏ' கொடுக்கிறது. பயிற்சியாளர்கள் இருட்டறையில் அமர்ந்து அதே ஓட்டத்தைப் படமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொருவன் பெயருக்கும் நேரே கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இடுகிறார்களே, அந்தத் தாளில் அவனுக்குக் கிடைப்பது கழித்தல் குறி. நாற்பது கஜமும் ஆறு புள்ளியும் அந்தக் குறியை மாற்றுவதில்லை. ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் தம் அறைக்குள் நெடுங்காலமாக அநுசரித்துவரும் நியாயம் இது.

பருவத்தின் தொடக்கத்தில் இத்தகைய ஆட்டங்கள் விலை கொடுத்தே ஏற்பாடு செய்யப்படுகின்றன என்பதையும் மறக்கலாகாது. பெரிய பல்கலைக்கழகம் பணம் தருகிறது; சிறிய கல்லூரி வந்து அடி வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தில் தன் மற்ற விளையாட்டுக்களை நடத்துகிறது. இன்று அத்தொகை பத்து லட்சம் டாலரையும் தாண்டுகிறது. 2007-இல் மிஷிகன் பல்கலைக்கழகம் 4,00,000 டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட் அணியை வரவழைத்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் கண்ணெதிரே, தேசத்தில் ஐந்தாம் இடம் பெற்றிருந்த மிஷிகன், கடைசி நொடிகளில் உதைத்த பந்து தடுக்கப்பட்டு, 34-32 என்று தோற்றது. வரவழைக்கப்பட்டவர்கள் பயிற்சியுள்ளவர்களாக இருந்துவிட்டார்கள். அவர்களும் சோனியாக இருந்திருந்தால், மிஷிகனின் அதே தடுப்பு வரிசை அன்று மாலை உச்ச மதிப்புப் பெற்றிருக்கும்.

வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பது முற்றிலும் வீண் என்று நான் வாதிக்கவில்லை. பல ஆட்டங்களின் வித்தியாசத்தை, எதிராளிகளின் பலத்தையும் சேர்த்து எடை போட்டுப் பார்த்தால், வெற்றி தோல்விக் கணக்கைவிட அது அணியின் தரத்தை நன்றாகவே உணர்த்தும் என்று புள்ளியியல் வல்லவர்கள் கூறுவது உண்மை. 2014 டிசம்பரில் ஒஹாயோ ஸ்டேட், மூன்றாம் நிலையிலிருந்து எடுத்து நிறுத்திய கார்டேல் ஜோன்ஸ் என்ற ஆட்டக்காரரைக் கொண்டு, பலமுள்ள விஸ்கான்ஸின் அணியை 59-0 என்று வென்றதும், பின்னர் தேசப் பட்டத்தையே கைப்பற்றியதும் யாவரும் அறிந்தவை. அங்கே எதிரே நின்றது உண்மையான மதில். அதை இடித்ததற்கு மதிப்பு உண்டு. மதில் இருந்ததா என்றே விசாரிக்காமல், விழுந்த செங்கல்லை மட்டும் எண்ணி மதிப்பிடும் மனப்பான்மையைத்தான் கண்டிக்கிறேன். அந்த மனப்பான்மை பயிற்சியாளர்களையும் கெடுத்தது. வென்ற பிறகும் விடாமல் புள்ளி சேர்க்கும் ஆசை இதனால் தூண்டப்பட்டபடியால்தான், தேசப் பட்டத்துக்கான தரவரிசையைக் கணித்த கணினி முறைகளிலிருந்து 2002-ஆம் ஆண்டுப் பருவத்தில் வித்தியாசத்தையே நீக்கிவிட நேர்ந்தது.

இந்தக் கண்மூடித்தனத்தால் அதிகம் நஷ்டப்படுபவர்கள் யார் என்று யோசித்தால், ஆட்டத்தின் நான்காம் பகுதியில் களமிறங்குகிறார்களே, அந்தப் பையன்கள்தாம் என் கண்முன் நிற்கிறார்கள். ஐம்பது புள்ளி முன்னே சென்றபின் முதல்நிலை ஆட்டக்காரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓரத்தில் நின்று சிரித்துப் பேசுகிறார்கள். ரசிகர்களில் பாதிப்பேர் வண்டி நிறுத்திய இடத்தை நோக்கி நடந்துவிட்டார்கள். மதிப்பெண் எழுதுபவர் எழுதி முடித்துவிட்டார். அப்போதுதான், விடியற்காலைப் பயிற்சி ஒன்றையும் தவறவிடாத பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், கறைபடாத சட்டையுடன் முன்வரிசையில் குனிந்து கையைப் புல்லில் ஊன்றுகிறான். அவனுக்குக் கிடைக்கப்போவது ஐந்தாறு ஓட்டங்கள். அவற்றில் அவன் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தான், எதிராளியைக் கடைசிவரை விடாமல் தாங்கினானா, சோர்ந்து நடந்தானா என்று சிரத்தையோடு பார்த்து, நாளைக் காலையில் அதை ஒரு வரியாவது எழுதுவதற்கு அங்கே ஒருவரும் மிஞ்சியிருப்பதில்லை.