அட்டையை மறந்தவருக்கு அபராதம். சலுகையை மறந்த அரசுக்கு?

பெங்களூருவில் அல்சூரை ஒட்டியிருக்கும் ஜோகுபாளையம், தமிழ் உழைப்பாளி மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று. வீட்டுவேலை செய்யும் பெண்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் எனப் பெருநகரை நாள்தோறும் இயக்கும் கைகள் அங்கே குடியிருக்கின்றன. இவர்களில் பலருக்கு வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களில் உறவும் ஊரும் உண்டு. 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை வந்தது. இன்றும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் வேலூர் மருத்துவமனைக்கும் இம்மக்களில் பலரைக் கொண்டுசெல்வது அந்தப் பாதைதான்.

இத்தகைய பயணம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பார்வையற்ற முதியவர் ஒருவர், துணைக்கு மகளுடன் கண்டோன்மென்ட்டிலிருந்து காட்பாடிக்குப் புறப்படுகிறார். சான்றிதழின் நகலைக் கொடுத்துச் சலுகைச் சீட்டும் வாங்கியாயிற்று. விடியற்காலை அவசரத்தில் மூல அட்டை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பங்காருப்பேட்டை தாண்டியதும் பயணச்சீட்டுப் பரிசோதகர் வருகிறார். பார்வையற்றவர் என்பது கண்ணெதிரே தெரிகிறது. கையில் சீட்டு இருக்கிறது. அட்டை மட்டும் இல்லை. அந்த நொடியில் அவர் சட்டத்தின் பார்வையில் முறையான பயணச்சீட்டு இல்லாதவர் ஆகிவிடுகிறார்.

அதன் விலை என்ன? 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 138ஆவது பிரிவின்படி, முறையான சீட்டின்றிப் பயணம் செய்பவர் பயணக் கட்டணத்துடன் கூடுதல் தொகையும் செலுத்த வேண்டும். அந்தக் கூடுதல் தொகை கட்டணத்துக்குச் சமமானது அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. காட்பாடி வரை இரண்டாம் வகுப்பில் ஒருவருக்குக் கிடைக்கும் சலுகை நூறு ரூபாயைக்கூட எட்டாது. அதற்கான அட்டையை மறந்ததற்குத் தண்டமோ 250 ரூபாயில் தொடங்குகிறது. துணையாக வந்த மகளின் சீட்டும் அதே சலுகையில் பெற்றது என்பதால் தண்டமும் இரட்டிப்பாகும். இது ஒரு தினக்கூலிக் குடும்பத்தின் ஒரு நாள் ஊதியத்தை விழுங்கிவிடும்.

மறதியும் மோசடியும் ஒன்றா?

இதே ரயில்வே சட்டம், நேர்மையான பயணியையும் ஏமாற்றுபவரையும் பிரித்துப் பார்க்க அறிந்திருக்கிறது. 137ஆவது பிரிவு ஏமாற்றும் நோக்கத்துடன் பயணம் செய்பவருக்கானது. அதற்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 55ஆவது பிரிவோ, சீட்டு வாங்க இயலாமல் போனவர் ரயில்வே ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிச் சான்று பெற்று, பின்னர் கட்டணம் செலுத்தலாம் என்கிறது. அத்தகையவரிடம் கூடுதல் தொகை வசூலிக்கக் கூடாது என்று 138ஆவது பிரிவே கூறுகிறது. சீட்டே வாங்காதவரின் நேர்மையை ஏற்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் சீட்டு வாங்கி, தகுதியும் உடையவராக இருந்து, அட்டையை மட்டும் மறந்தவருக்கு இடமில்லை. இது நியாயத்தின் குறை மட்டுமல்ல, சட்டத்தின் தர்க்கத்திலேயே உள்ள குறை.

பிற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் தள்ளுபடி அட்டையை மறந்த பயணி, இரண்டு வாரங்களுக்குள் அதைக் கொண்டுவந்து காட்டினால் சிறு நடைமுறைக் கட்டணத்துடன் விவகாரம் முடிந்துவிடும். பிரிட்டனில் தள்ளுபடி அட்டையை மறந்து கூடுதலாகச் செலுத்தியவர், ஆண்டுக்கு ஒருமுறை அத்தொகையைத் திரும்பக் கோரலாம். ஆனால் ரயில்களைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்த அதே பிரிட்டனில், அந்நிறுவனங்கள் சில பயணிகளை மொத்தமாகக் குற்றவாளிகளாக்கிய கொடுமையும் நடந்தது. விரைவு விசாரணை முறையில் தொடுக்கப்பட்ட சுமார் 74,000 வழக்குகள் சட்டப்படி செல்லாதவை என்ற நிலை, 2024 ஆகஸ்டில் லண்டன் நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பால் உருவானது. பயணியை முதலில் வருவாயாகவும் பின்னர் குற்றவாளியாகவும் பார்க்கும் நிர்வாகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது பாடம்.

இங்கும் அந்தப் பார்வை வேரூன்றி வருகிறது. பயணச்சீட்டுப் பரிசோதனையில் இத்தனை கோடி வசூல் என்று ரயில்வே கோட்டங்கள் சாதனைச் செய்திக்குறிப்பு வெளியிடுகின்றன. அந்த வசூல் அழுத்தம் பரிசோதகரின் தலையில்தான் இறங்குகிறது. இரவும் பகலும் பெட்டி பெட்டியாக நடக்கும் அவரும் தொழிலாளிதான். கண்ணால் கண்ட உண்மையை ஏற்றுக்கொள்ளும் அதிகாரத்தை விதி அவருக்குத் தரவில்லை. ஆகவே கோபம் அவர்மீது அல்ல, அவரை இந்நிலையில் நிறுத்திய கொள்கையின்மீது திரும்ப வேண்டும்.

எத்தனை அட்டைகள்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ரயில்வே சலுகை தருவது நான்கு பிரிவினருக்கு மட்டுமே. அந்த நான்கு பிரிவினரும் ஒன்றிய அரசு வழங்கும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு நிற்க முடியாது. ரயில்வேக்கெனத் தனிப் படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும். இணையத்தில் சீட்டெடுக்க ரயில்வேயின் தனி அட்டையும் வேண்டும். ஒரே அரசின் இரு துறைகள் ஒன்றின் அட்டையை மற்றொன்று நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கையின் சுமையைச் சுமப்பவர் பார்வையற்ற பயணி.

ரயில்வேயின் அட்டையைக் கொண்டு எடுத்த சீட்டில், அந்த அட்டையின் விவரம் ரயில்வேயின் கணினியிலேயே இருக்கிறது. பல ரயில்களில் பரிசோதகரின் கையில் மின்னணுக் கருவியும் இருக்கிறது. தட்கல் சீட்டுக்கு ஆதார் வழிச் சரிபார்ப்பை 2025 ஜூலையில் கட்டாயமாக்க முடிந்த நிர்வாகத்துக்கு, தானே வழங்கிய சலுகை அட்டையை ஓடும் ரயிலில் சரிபார்ப்பது இயலாத காரியமன்று. மக்களைக் கண்காணிக்க விரையும் தொழில்நுட்பம், மக்களுக்கு உதவ வேண்டிய இடத்தில் மட்டும் ஏன் தயங்கி நிற்கிறது?

மெட்ரோவின் தள்ளுபடி யாருக்கு?

ஜோகுபாளையத்தாருக்கு அருகில் இருப்பது அல்சூர் மெட்ரோ நிலையம். 2011 அக்டோபர் 20 அன்று தொடங்கிய பெங்களூருவின் முதல் மெட்ரோ வழித்தடத்திலேயே இந்நிலையம் இருந்தது. ஒன்றிய அரசும் கர்நாடக அரசும் சரிபாதியாக நடத்தும் இந்நிறுவனம், 2025 பிப்ரவரி 9 அன்று உச்சக் கட்டணத்தை 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆக்கியது. மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு சில தூரங்களுக்கு மட்டும் உயர்வு சற்றுக் குறைக்கப்பட்டது.

ஸ்மார்ட் கார்டு வைத்திருந்தால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் மேலும் 5 சதவீதம். கார்டை மறந்து டோக்கன் வாங்கினால் முழுக் கட்டணம். இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் தள்ளுபடி வறுமைக்கோ முதுமைக்கோ படிப்புக்கோ தரப்படுவதில்லை. பணத்தை முன்கூட்டியே கட்டி வைப்பவருக்குத் தரப்படுகிறது. கார்டில் எப்போதும் 90 ரூபாயாவது இருப்பு இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது பொருட்டல்ல. அன்றன்று வாங்கும் கூலியில் அன்றைய அரிசியை வாங்குபவருக்கு அதுவும் முடங்கிக் கிடக்கும் பணம். விளைவாக, தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போகும் அதிகாரி குறைவாகச் செலுத்துகிறார். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகும் பெண் அதே இருக்கைக்கு அதிகம் செலுத்துகிறார்.

அட்டை கேட்காத உரிமை

இதே நகரின் பேருந்தில் வேறொரு காட்சி. கர்நாடக அரசின் சக்தி திட்டம் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் தருகிறது. வரவேற்கத்தக்க திட்டம்தான். ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மறந்தால் சீட்டு வாங்க வேண்டும். தமிழ்நாட்டு முகவரியே ஆதாரில் உள்ள புலம்பெயர் பெண் தொழிலாளி, எத்தனை ஆண்டுகள் பெங்களூருவின் வீதிகளைப் பெருக்கியிருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த விடியல் பயணத் திட்டத்தில் பெண்களிடம் அட்டை கேட்பதில்லை. சாதாரண நகரப் பேருந்தில் ஏறும் பெண் எந்த மாநிலத்தவர், எந்த வருமானத்தவர் என்ற கேள்வி எழுவதில்லை. அட்டை தேவைப்படாததால் மறப்பதற்கும் ஒன்றுமில்லை. மறதிக்குத் தண்டமும் இல்லை.

இந்த வேறுபாட்டில்தான் பிரச்சனையின் வேர் இருக்கிறது. அனைவருக்குமான உரிமை, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கான சலுகையாகச் சுருக்கப்படும்போது அட்டை பிறக்கிறது. அட்டை பிறந்ததும், அதை வைத்திருக்காதவர், புதுப்பிக்காதவர், மறந்தவர் என்று விலக்கப்படுவோரின் வரிசையும் பிறக்கிறது. 1997இல் பொது விநியோகத்தில் வறுமைக் கோட்டை வரைந்தபோது நாடு முழுவதும் இதுவே நடந்தது. அந்தக் கோட்டை ஏற்காமல் ரேஷனை எல்லோருக்குமாக வைத்திருந்த தமிழ்நாட்டில் ஏழைகள் விடுபடுவது குறைந்தது.

மறந்துபோன அரசு

அட்டையை மறந்த பயணியிடம் இவ்வளவு கறாராக இருக்கும் ஒன்றிய அரசு, தான் மறந்ததற்கு என்ன தண்டம் கட்டியிருக்கிறது? 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதமும் ரயில் கட்டணச் சலுகை இருந்துவந்தது. 2020 மார்ச் 20 அன்று கொரோனாவைக் காரணம் காட்டி அது நிறுத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளில் நான்கு பிரிவினர், நோயாளிகளிலும் மாணவர்களிலும் பதினொரு பிரிவினர் தவிர மற்ற அனைவரும் சலுகையை இழந்தனர். கொரோனா போனது, முகக்கவசம் போனது. சலுகை மட்டும் திரும்பவில்லை. பாசஞ்சர் ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆக்கியதைத் திரும்பப் பெறவே 2024 பிப்ரவரி வரை, அதாவது தேர்தல் நெருங்கும் வரை காத்திருந்த அரசு இது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியான விவரப்படி, 2020 மார்ச் 20 முதல் 2025 பிப்ரவரி 28 வரை 31.35 கோடி முதியோர் ரயிலில் பயணம் செய்துள்ளனர். சலுகை மறுக்கப்பட்டதால் அவர்களிடமிருந்து ரயில்வேக்குக் கிடைத்த கூடுதல் வருவாய் 8,913 கோடி ரூபாய். படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசி பெட்டியிலுமாவது சலுகையை மீண்டும் தருவது பற்றிப் பரிசீலிக்குமாறு நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. அதன் அன்றைய தலைவர் ராதா மோகன் சிங், ஆளும் பாஜகவைச் சேர்ந்தவர். மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு.வெங்கடேசன் உள்ளிட்ட இடதுசாரி உறுப்பினர்கள் இக்கோரிக்கையைத் தொடர்ந்து எழுப்பி வருகின்றனர். பயணிகள் அனைவருக்கும் சராசரியாக 46 சதவீதம் மானியம் தருகிறோம் என்பதே அரசு அளித்த பதில். பொதுப் போக்குவரத்துக்கு ஆகும் செலவை மக்களுக்கு இட்ட பிச்சை போலக் கணக்கெழுதும் பதில் அது.

அரசிடம் பணம் இல்லையா? 2019 செப்டம்பர் 20 அன்று கார்ப்பரேட் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி விகிதம் 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே கணக்குச் சொன்னது. சரியாக ஆறு மாதம் கழித்து முதியோரின் சலுகை பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் முதியோரிடம் பறித்ததைப்போல் பதினாறு மடங்கை ஒரே ஆண்டில் பெருநிறுவனங்களுக்கு விட்டுக்கொடுத்தபோது, எந்தப் பரிசோதகரும் அவர்களிடம் அட்டை கேட்கவில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. சலுகை அட்டையை மறந்தவரிடம் தண்டம் வசூலிக்காமல், இரண்டு வாரத்துக்குள் எந்த ரயில் நிலையத்திலும் அதைக் காட்ட வாய்ப்பளிக்க வேண்டும். தனித்துவ மாற்றுத்திறனாளி அட்டை ஒன்றையே ரயில்வே போதுமானதாக ஏற்று, சட்டம் அங்கீகரித்த 21 பிரிவினருக்கும் சலுகையை விரிவாக்க வேண்டும். பெங்களூரு மெட்ரோவில் முதியோருக்கும் மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்மையான சலுகை வேண்டும். முதியோரின் ரயில் கட்டணச் சலுகையை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும்.

தகுதி என்பது அட்டையில் இல்லை; உழைத்து முதிர்ந்த மனிதரிடம் இருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளும் ரயில்வேயைக் கொடையாக எவரும் தரப்போவதில்லை. ஜோகுபாளையத்தின் சந்துகளிலிருந்தும் ஜோலார்பேட்டையின் நடைமேடைகளிலிருந்தும் பயணிகளும் ரயில்வே தொழிலாளர்களும் சேர்ந்து எழுப்பும் குரலால்தான் அதைப் பெற முடியும்.