ரசிகர் எடுத்த ஒலிநாடா: திருட்டா, தொண்டா?



பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழுவை உங்களில் சிலர் விரும்பிக் கேட்பீர்கள். அவர்களுடைய ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டையொட்டி 2025 டிசம்பரில் ஒரு சிறப்புத் தொகுப்பு வந்தது. அதில் 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கச்சேரியும் இருக்கிறது. அதைப் பதிவு செய்தது கம்பெனி அல்ல. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்த மைக் மில்லார்ட் என்ற ரசிகர், அனுமதி இல்லாமல் எடுத்த ஒலிநாடா அது! அவர் 1994-இலேயே காலமாகிவிட்டார்.

இந்த மில்லார்ட் லேசுப்பட்ட ஆள் இல்லை. கனமான நாகமிச்சி ரெக்கார்டரை உள்ளே கொண்டுபோக, நடக்க முடியாதவர் போலச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போவாராம். 1977-இல் லெட் ஜெப்பலின் கச்சேரியை அவர் எடுத்த பதிவும் ரசிகர்களிடையே பிரபலம். அந்த நாற்காலி நாடகத்தை நான் மெச்சவில்லை. ஆனால் அவர் காப்பாற்றி வைத்ததை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

என்ன காப்பாற்றினார்? அந்தக் கச்சேரி நடந்தபோது ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பமே வெளிவரவில்லை, செப்டம்பரில்தான் வந்தது. 1977-இல் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் இடம்பெற்ற இரண்டு பாடல்கள் அந்த மேடையில் வேறு பெயரில், வேறு உருவில் ஒலித்தன. ஆல்பம் என்பது ஃபேர் நோட்டு. இந்த ஒலிநாடா ரஃப் நோட்டு. ஒரு பிள்ளை கணக்கை எப்படி யோசித்தது என்று தெரிந்துகொள்ள ஆசிரியர்கள் எந்த நோட்டைப் புரட்டுவோம் என்று உங்களுக்கே தெரியும்.

“அடுத்தவர் உழைப்பை இப்படி எடுக்கலாமா சார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு நல்ல பதில் சொன்னது கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழு. 1984-இல் பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே தனி டிக்கெட் கொடுத்து, அரங்கில் தனி இடமும் ஒதுக்கினார்கள். நிபந்தனை ஒன்றுதான்: விற்றுக் காசு பார்க்கக் கூடாது. ரசிகர்கள் நாடாக்களைத் தபாலில் அனுப்பிப் பரிமாறிக்கொண்டார்கள். இன்று இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் அந்தக் குழுவின் கச்சேரிப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2005-இல் அவற்றைத் தரவிறக்க முடியாதபடி தடை வந்தபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே, ரசிகர்கள் எடுத்த பதிவுகளுக்கு மட்டும் தடை நீங்கியது.

என் கருத்து இதுதான். கலைஞர் அனுமதித்தால் மிக நல்லது. விற்றால் அது திருட்டு, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் காசு வாங்காமல் பாதுகாத்துப் பகிர்கிறவரைத் திருடன் வரிசையில் நிறுத்தக் கூடாது. கம்பெனி எது விற்கும் என்று பார்த்து வைத்துக்கொள்கிறது. ரசிகரோ, நடந்தது எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறார்: தப்பிய சுருதி, நீண்டுபோன வாசிப்பு, பக்கத்து இருக்கைக்காரரின் கைதட்டல் உட்பட.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நல்ல பதிவு வேண்டுமென்றால் எடுப்பவர் கத்த முடியாது, ஆட முடியாது. தன் சந்தோஷத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டுதான் பிறருக்காக அதைச் சேர்க்கிறார். அதனால்தான் தொண்டு என்கிறேன்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கச்சேரிக்குப் போனால் பின்னால் இருப்பவருக்குத் திரையை மறைத்துக்கொண்டு அரை நிமிடத் துண்டுகளாக எடுக்கிறோம். மறுநாள் அதை நாமே பார்ப்பதில்லை. எடுப்பதானால் அனுமதி கேட்டு, ஓரமாக உட்கார்ந்து, முழுதாக எடுங்கள். தேதி, ஊர், பாடியவர், வாசித்தவர் பெயர்களை எழுதி வையுங்கள். இல்லையென்றால் போனைப் பையில் போட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டுமே மரியாதைதான்.

உங்கள் கருத்து என்ன? மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். மதிப்பெண் குறைக்க மாட்டேன்!